நின்ற நிலையிலிருந்து கால் மைல்

நேரான ஒரு பாதை. அதன் நீளம் கால் மைல், அதாவது 1,320 அடி. அதன் ஒரு முனையில் இரண்டு மோட்டார் வண்டிகள் அருகருகே நிற்கின்றன. பச்சை விளக்கு எரிந்ததும் இரண்டும் புறப்படுகின்றன. மறுமுனையை முதலில் அடைவது எதுவோ அதுவே வென்றதாகும். பாதையில் வளைவு இல்லை. மேடு பள்ளம் இல்லை. அமெரிக்காவில் ‘டிராக்’ பந்தயம் என வழங்கும் இப்போட்டியைக் காட்டிலும் எளிதாகத் தோன்றும் மோட்டார்ப் பந்தயம் வேறில்லை. ஆயினும் பள்ளி மாணவர் பௌதிக நூலிற் கற்கும் விசை, உராய்வு, வேகவளர்ச்சி, திறன் ஆகிய நான்கும் இத்துணை வெளிப்படையாகச் சோதிக்கப்படும் இடங்கள் மிகச் சிலவே.

வலிமை மிக்க எஞ்சினைப் பொருத்திவிட்டால் வண்டி விரைந்தோடும் என்பது பலருடைய கருத்து. இப்பந்தய வண்டிகளின் வரலாறோ வேறு பாடத்தைப் புகட்டுகின்றது. எஞ்சினின் திறன் உயர்ந்த ஒவ்வொரு முறையும், அதனைத் தாங்கமாட்டாத மற்றோர் உறுப்பு வெளிப்பட்டது. அதனைச் சீர்செய்த பின்னர் வேறோர் உறுப்பின் குறை தெரிந்தது. இவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாகச் சென்ற ஆராய்ச்சி, கடைசியில் வண்டியை ஓட்டுபவரின் உடலிலேயே வந்து முடிந்தது.

பந்தயத்தின் தோற்றம்

கலிபோர்னியா மாநிலத்தில் மியூராக், எல் மிராஜ் முதலிய இடங்களில் நீர் வற்றிய ஏரிப் படுகைகள் உள. அவற்றின் கெட்டியான, சமமான தரையில் 1930-களில் இளைஞர்கள் தங்கள் பழைய வண்டிகளைத் திருத்தியமைத்து, அவற்றின் வேகத்தைச் சோதித்து வந்தனர். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் இவ்வார்வம் பெருகியது. ஏரிப் படுகைகளுக்குச் செல்ல இயலாதோர் நகரச் சாலைகளிலேயே பந்தயமிட்டனர். இதனால் ஓட்டுபவர்க்கும் வழிப்போக்கர்க்கும் நேர்ந்த ஆபத்து சிறிதன்று.

இதற்கு மாற்றாக விமான ஓடுபாதைகள் பயன்பட்டன. 1950 ஆம் ஆண்டில் சாண்டா ஆனா என்னும் ஊரின் விமான நிலையத்தில், கட்டணம் பெற்றுப் பந்தயம் நடத்தும் ஓடுபாதை திறக்கப்பட்டது. மறு ஆண்டில் வாலி பார்க்ஸ் என்பவர் தேசிய ஹாட் ராட் சங்கத்தை நிறுவினார். பந்தயத்தைப் பொதுச் சாலையிலிருந்து அகற்றி, விதிகளுக்கு உட்படுத்துவதே அச்சங்கத்தின் முதல் நோக்கமாக இருந்தது.

உராய்வு வகுக்கும் எல்லை

எஞ்சின் சக்கரத்தைச் சுழற்றுகின்றது. சக்கரம் தரையைப் பின்னோக்கித் தள்ளுகின்றது. தரை வண்டியை முன்னோக்கித் தள்ளுகின்றது. டயருக்கும் தரைக்கும் இடையேயுள்ள உராய்வு எவ்வளவு விசையைத் தாங்குமோ அவ்வளவே வண்டிக்குப் பயன்படும். அதற்கு மிஞ்சிய விசை, சக்கரத்தை நின்ற இடத்திலேயே வழுக்கிச் சுழலச் செய்யும்; வண்டி முன்னேறாது.

உராய்வுக் குணகம் 1 என்றும், வண்டியின் எடை முழுவதும் ஓட்டுச் சக்கரங்களின் மீது விழுவதாகவும் கொள்வோமாயின், வண்டி அடையக்கூடிய வேகவளர்ச்சி புவியீர்ப்பின் வேகவளர்ச்சிக்குச் சமமாகும். அதாவது விநாடிக்கு விநாடி 32 அடி. இக்கணக்கின்படி கால் மைலைக் கடக்க ஏறத்தாழ 9.1 விநாடி செல்லும். முடிவில் வேகம் மணிக்கு 198 மைல் ஆகும். எடையில் பாதி மட்டுமே ஓட்டுச் சக்கரங்களின் மீது விழுமாயின் நேரம் 12.8 விநாடியாக உயரும். வேகம் 140 மைலாகக் குறையும். எஞ்சின் எத்துணைப் பெரிதாயினும் இவ்விடைகள் மாறா.

இப்பந்தயத்திற்கென வண்டி அமைப்போர் எஞ்சினையும் ஓட்டுபவரின் இருக்கையையும் பின்னச்சை நோக்கி நகர்த்தியதன் காரணம் இதனால் விளங்கும். முன்பகுதி ஒல்லியான குழாய்ச் சட்டமாக நீண்டது. எடை பின்சக்கரங்களிற் குவிந்தது.

டயர் காட்டிய வியப்பு

1964 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் நியூ ஜெர்சி மாநிலத்தில் டான் கார்லிட்ஸ் என்பவர் கால் மைலின் முடிவில் மணிக்கு 201.34 மைல் வேகத்தை எட்டினார். 8 விநாடிக்கும் குறைந்த நேரங்களும் அக்காலத்திலேயே பதிவாயின. அங்ஙனமாயின் மேற்கூறிய கணக்கு பிழையா?

கணக்கில் பிழையில்லை, உராய்வுக் குணகம் 1-க்கு மேற்படாது என்று கொண்டதே பிழை. மரம், உலோகம் முதலியவற்றுக்கு ஏறக்குறையப் பொருந்தும் உராய்வு விதிகள் ரப்பருக்கு முழுவதும் பொருந்துவதில்லை. மென்மையான ரப்பர், தரையிலுள்ள நுண்ணிய குழிகளுக்குள் புகுந்து பற்றிக்கொள்கின்றது. தரையோடு ஒட்டவும் செய்கின்றது. ஆகவே தொடும் பரப்பு மிகுந்தால் பிடிப்பும் மிகும். இதனை உணர்ந்து, மேற்பரப்பில் வரிகளே இல்லாத, அகலமான, மென்மையான டயர்கள் ஆக்கப்பட்டன. அவற்றில் காற்றழுத்தமும் மிகக் குறைவாகவே வைக்கப்படுகின்றது. புறப்படும் கணத்தில் டயரின் பக்கச் சுவர் துணிபோற் சுருங்கி, அடிப்பகுதி தரையில் நீளமாகப் படிகின்றது. வேகம் ஏற ஏற, சுழற்சியால் டயர் விரிந்து உயரமாகின்றது. கியர் மாற்றியது போன்ற பயனும் இதனாற் கிடைக்கின்றது.

பந்தயத்திற்குச் சற்று முன்னர்ச் சக்கரங்களை நீரில் நனைத்துப் புகை எழும்பச் சுழற்றுவது வழக்கம். காண்போர்க்கு இது வெறும் ஆரவாரமாகத் தோன்றலாம். ரப்பரைச் சூடேற்றிப் பசைத் தன்மையை மிகுவிப்பதும், பாதையின் மேல் ரப்பர்ப் படலம் ஒன்றைப் பூசுவதுமே அதன் பயனாகும்.

எஞ்சினும் எரிபொருளும்

எஞ்சினின் திறன், அது ஒரு விநாடியில் எவ்வளவு காற்றை உட்கொண்டு எரிக்க வல்லது என்பதைப் பொறுத்தது. 1932 ஆம் ஆண்டில் வெளிவந்த ஃபோர்டு எட்டுச் சிலிண்டர் எஞ்சினையே தொடக்கத்தில் இளைஞர்கள் பெரும்பாலும் கையாண்டனர். அது மலிவானது, ஆனால் வால்வுகள் சிலிண்டரின் பக்கத்தில் அமைந்தமையால் காற்று வளைந்து நெளிந்தே உட்செல்ல வேண்டியிருந்தது. 1951 ஆம் ஆண்டில் கிரைஸ்லர் கம்பெனி அரைக்கோள வடிவமான எரியறை கொண்ட எஞ்சினை வெளியிட்டது. பெரிய வால்வுகள் இரு புறமும் சாய்வாக அமைய, காற்று தடையின்றிப் புகுந்தது. உயர்தரப் பந்தய எஞ்சின்கள் இன்றும் இவ்வமைப்பின் வழிவந்தவையே.

காற்று தானாகப் புகுவதோடு நில்லாமல் அதனை அழுத்திப் புகுத்தவும் வழி காணப்பட்டது. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் இரு வீச்சு டீசல் எஞ்சின்களில், எரிந்த புகையை வெளியேற்றிப் புதுக்காற்றை நிரப்ப ஓர் ஊதுகருவி உண்டு. பழைய லாரிகளிலிருந்து கழற்றிய இக்கருவியே பந்தய எஞ்சினின் தலைமேல் ஏறியது.

அடுத்தது எரிபொருள். ஒரு கிலோகிராம் பெட்ரோல் எரிவதற்கு 14.7 கிலோகிராம் காற்று வேண்டும். நைட்ரோமீத்தேன் என்னும் திரவத்தின் மூலக்கூறிலேயே பிராணவாயு அடங்கியிருத்தலால், அதற்கு 1.7 கிலோகிராம் காற்றே போதும். எடைக்கு எடை நோக்கின் அது தரும் வெப்பம், பெட்ரோல் தரும் வெப்பத்தில் ஏறத்தாழக் கால்பங்கே. ஆயினும் அதே அளவு காற்றைக் கொண்டு எட்டு மடங்குக்கு மேற்பட்ட திரவத்தை எரிக்கலாமாதலின், ஒவ்வொரு வீச்சிலும் கிடைக்கும் வெப்பம் இரு மடங்கைத் தாண்டுகின்றது. இதன் ஆபத்தைக் கருதி 1957 ஆம் ஆண்டில் சங்கம் இதனைத் தடை செய்தது; 1960-களின் முற்பகுதியில் தடை நீங்கியது. இன்று உயர்தர வண்டியின் எஞ்சின் கொள்ளளவு 500 கன அங்குலத்துக்கு மேற்படலாகாது என்பது விதி. அவ்வெஞ்சினின் திறன் ஏறத்தாழ 11,000 குதிரைத்திறன் என மதிப்பிடப்படுகின்றது. ஓட்டத்தின் நடுவிலேயே தீப்பொறிக் கட்டைகளின் முனைகள் உருகிவிடுகின்றன. அதன்பின் அழுத்தத்தின் வெப்பத்தாலேயே எரிபொருள் பற்றுகின்றது; எரிபொருளை அடைத்தாலன்றி எஞ்சின் நிற்பதில்லை. ஒவ்வோர் ஓட்டத்திற்குப் பின்னும் எஞ்சினைப் பிரித்துப் பழுதான பாகங்களை மாற்ற வேண்டியதாகின்றது.

இத்திறன் முழுவதையும் ஒரே கணத்தில் சக்கரத்திற்குச் செலுத்தினால் டயர் வழுக்கிவிடும். ஆதலின் பல தகடுகள் கொண்ட கிளச்சு, தொடக்கத்தில் வேண்டுமென்றே நழுவவிடப்படுகின்றது; விநாடியின் பகுதிகளைக் கணக்கிட்டுச் சிறிது சிறிதாக இறுகுகின்றது. கியர்ப் பெட்டியின் பணியை இக்கிளச்சே செய்கின்றது. வேகம் ஏறியபின், வண்டியின் பின்னே உயர்ந்து நிற்கும் இறக்கை, காற்றின் விசையால் டயரைத் தரையோடு அழுத்துகின்றது.

சாதாரண வண்டியைத் திருத்துவோர் கணக்கு

எல்லா வண்டிகளும் இத்தகையன அல்ல. வீட்டு வண்டியைத் திருத்திப் பந்தயத்திற்குக் கொணர்வோரே பெரும்பாலோர். அவர்கட்குப் பயன்படும் ஒரு விதி உண்டு. எஞ்சின் மாறாத் திறனோடு இயங்குமாயின், ஓட்ட நேரம், எடையைத் திறனால் வகுத்து வரும் எண்ணின் கனமூலத்திற்கு ஏற்ப அமையும். திறனை இரட்டிப்பாக்கினால் நேரம் ஐந்தில் ஒரு பங்கே குறையும். நேரத்தைப் பாதியாக்கத் திறனை எட்டு மடங்காக்க வேண்டும். எடையைக் குறைப்பதும் திறனைக் கூட்டுவதற்கு ஒப்பான பலனையே தரும். செலவோ பெரும்பாலும் குறைவு. ஆகவே அறிந்தோர் முதலில் வேண்டாத எடையை நீக்குவர்; பின்னர் டயரையும் பின்னச்சையும் வலுப்படுத்துவர்; தடைக் கருவிகளைச் செம்மை செய்வர்; அதன்பின்னரே எஞ்சினிற் கைவைப்பர். இவ்வரிசையை மாற்றியவர்கள் அச்சு முறிந்து பாதையின் நடுவே நிற்பதுண்டு.

ஓட்டுபவரின் உயிர்

1970 ஆம் ஆண்டு மார்ச் 8 ஆம் நாள் கலிபோர்னியாவின் லயன்ஸ் ஓடுபாதையில் கார்லிட்ஸின் வண்டி புறப்பட்ட கணத்திலேயே, அதன் கியர் அமைப்பு வெடித்துச் சிதறியது. வண்டி இரு துண்டாயிற்று. அவருடைய வலது பாதத்தின் ஒரு பகுதி துண்டிக்கப்பட்டது. அக்கால வண்டிகளில் எஞ்சின் முன்னும் ஓட்டுபவர் பின்னுமாக அமைந்திருந்தனர். கிளச்சும் கியரும் அவர் கால்களின் அருகிலேயே சுழன்றன. எஞ்சின் வெடித்தால் தீயும் எண்ணெயும் அவர் முகத்தின் மீதே வீசின. எடையைப் பின்சக்கரத்தில் குவிப்பதற்காகச் செய்த ஏற்பாடு, மனிதனை ஆபத்தின் நேர் பின்னே அமர்த்தியிருந்தது.

கார்லிட்ஸ் ஓய்வு பெறவில்லை. எஞ்சினை ஓட்டுபவரின் பின்னே வைக்கும் வண்டியைத் தம் துணைவர்களுடன் அமைக்கலானார். அத்தகைய வண்டிகளை முன்னரே சிலர் முயன்றிருந்தனர். அவை நேராக ஓடாமல் அலைந்தமையாற் கைவிடப்பட்டிருந்தன. திருகு சக்கரத்தின் சிறு அசைவிற்கும் முன்சக்கரங்கள் மிகுதியாகத் திரும்புவதே குறை எனக் கண்டு, அவ்விகிதம் குறைக்கப்பட்டது. வண்டி நேராக ஓடியது. 1971 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் போமோனா நகரில் நடந்த குளிர்காலப் போட்டியில் அவர் அவ்வண்டியைக் கொண்டே வென்றார். சில ஆண்டுகளுக்குள் அவ்வகுப்பின் வண்டிகள் யாவும் அவ்வாறே மாறின. பாதுகாப்புக்காகச் செய்த மாற்றம் வேகத்தைக் குறைக்கும் என்ற அச்சமும் பொய்த்தது.

எஃகுக் கூண்டு, தீப்பற்றா உடை, கிளச்சைச் சூழும் கவசம், வண்டியை நிறுத்தும் பாராசூட் ஆகியனவும் பெரும்பாலும் விபத்துகள் கற்பித்தவையே. 1992 ஆம் ஆண்டில் கென்னி பெர்ன்ஸ்டைன் மணிக்கு 300 மைலைக் கடந்தார். 2008 ஆம் ஆண்டு ஜூன் 21 ஆம் நாள் இங்கிலிஷ்டவுன் ஓடுபாதையில், எஞ்சின் வெடித்த வண்டி நில்லாமற் சென்று பாதையின் எல்லைக்கு அப்பால் மோத, ஸ்காட் கலிட்டா என்னும் வீரர் உயிரிழந்தார். வண்டிகளின் வேகம் வளர்ந்த அளவுக்கு, அவை நிற்பதற்கான இடம் வளரவில்லை. உடனே அவ்வாண்டே சங்கம் உயர்தர வகுப்புகளின் ஓட்டத்தை 1,000 அடியாகச் சுருக்கியது. இன்று அத்தூரத்தை 3.7 விநாடிக்கும் குறைவாகக் கடந்து, மணிக்கு 330 மைலுக்கு மேற்பட்ட வேகம் எட்டப்படுகின்றது. சராசரி வேகவளர்ச்சி புவியீர்ப்பினும் நான்கு மடங்கு.

வகுப்பறையிலும் வயலிலும்

இவ்விஷயத்தை மாணவர்க்கு விளக்க மோட்டார் வண்டி வேண்டியதில்லை. ஒரு செங்கல்லைப் பலகையின் மீது வைத்து, சுருள் தராசினால் இழுத்து, அது நகரத் தொடங்கும் விசையைக் குறிக்கலாம். செங்கல்லைப் படுக்கவைத்தும் பக்கவாட்டில் நிறுத்தியும் இழுத்தால் விசை பெரிதும் மாறுவதில்லை. பிறகு அதன் அடியில் பழைய சைக்கிள் டியூப் துண்டைக் கட்டி இழுத்தால், தேவைப்படும் விசை எவ்வளவு மிகுகின்றது என்பதை மாணவர் தாமே காண்பர். செங்கல்லின் மேல் மற்றொன்றை ஏற்றினால் எடையின் பங்கு விளங்கும். டிராக்டரின் பின்சக்கர டயர்களில் நீர் நிரப்புவதும், சக்கரங்களில் இரும்புப் பாளங்களைப் பிணைப்பதும் இதே தத்துவத்தைப் பற்றியனவே என்பதைக் களப்பணியாளர் உழவர்க்கு எடுத்துக்காட்டலாம்.

மற்றொரு செய்தியும் மாணவர்க்கு உரைக்கத் தக்கது. நம் நாட்டில் 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 189 ஆம் பிரிவின்படி, மாநில அரசின் எழுத்து மூலமான இசைவின்றிப் பொது இடத்தில் பந்தயமிடுவது குற்றமாகும். பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் மாறும்படி வண்டியைத் திருத்துவதை 52 ஆம் பிரிவு கட்டுப்படுத்துகின்றது. எஞ்சினுக்கு வேகமூட்டுவது எளிது. அவ்வேகத்தைத் தாங்கும் டயரும், நிறுத்தும் தடையும், நிற்பதற்கு இடமும் சாலையில் இரா. இதனை உணர்ந்தோர் எழுபது ஆண்டுகளுக்கு முன்னரே பந்தயத்தைச் சாலையிலிருந்து விமானத் தளத்திற்குக் கொண்டு சென்றனர்.