‘ஐ7, 16 ஜிபி ரேம்... வெறும் 18 ஆயிரம்தான்!’ பையன் கேட்கும் கேமிங் கம்ப்யூட்டர்: தேனி பெற்றோர் பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியது என்ன?

“ஐ7 பிராசஸர், 16 ஜிபி ரேம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, கலர் கலரா லைட்டு... எல்லாம் சேர்த்து 18 ஆயிரம்தான் ப்ரோ!” இப்படி ஒரு ரீல்ஸ், பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த கையோடு பையனின் செல்போனில் வந்து விழும். அடுத்த அரை மணி நேரத்தில் அது அப்பாவின் வாட்ஸ்அப்பில் இருக்கும். “அப்பா, அட்வான்ஸ் 2 ஆயிரம் போட்டா பார்சல் அனுப்பிருவாங்களாம்ப்பா...”

கம்பம், கூடலூர், போடி பக்கத்தில் விடிவதற்குள் ஜீப் ஏறி இடுக்கி ஏலத்தோட்ட வேலைக்குப் போய்த் திரும்பும் வீடுகளில், 18 ஆயிரம் என்பது சேர்த்து வைத்த காசு. திராட்சைத் தோட்டக்காரர் வீட்டிலும் அறுவடைப் பணம் வந்த பிறகு எடுக்கும் முடிவுதான் அது. அப்படிப்பட்ட பணத்துக்கு அந்தப் பெட்டிக்குள் என்னதான் இருக்கும்? உண்மையிலேயே கேம் ஓடுமா? கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

ஐ7-ன்னா பெரிசுதானே?

இங்கேதான் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள். ஐ3, ஐ5, ஐ7 என்பதெல்லாம் ஒரே வருடத்தில் வந்த பிராசஸர்களை ஒன்றோடொன்று ஒப்பிட மட்டுமே உதவும். எந்த வருடத்து பிராசஸர் என்பது அதன் பின்னால் வரும் எண்ணில் இருக்கிறது. ஐ7-3770 என்றால் முதல் எண் 3, அதாவது மூன்றாம் தலைமுறை. 2012-ல் வந்தது. ஐ5-8500 என்றால் எட்டாம் தலைமுறை. ஐ3-12100 என்றால் 12-ம் தலைமுறை, 2022-ல் வந்தது. கேமிங்கில் அந்த 2012 ஐ7-ஐ இந்த 2022 ஐ3 சுலபமாக முந்திவிடும்.

ரீல்ஸில் “ஐ7” என்று சொல்லிவிட்டு எண்ணைச் சொல்லாமல் நகர்ந்தால் அது பெரும்பாலும் இரண்டாம் அல்லது மூன்றாம் தலைமுறைதான். ஏதோ ஓர் அலுவலகம் கழித்துப்போட்ட கம்ப்யூட்டரிலிருந்து எடுத்த பிராசஸர். அதைப் புது மதர்போர்டில் மாட்டி, கண்ணாடிக் கேபினட்டில் லைட் போட்டு விற்கிறார்கள். மதர்போர்டு புதுசு என்பது பொய் இல்லை. ஆனால் அந்த எச்61 சிப்செட் 2011-ம் வருடத்துச் சரக்கு.

பழசு என்றாலும் ஓடினால் சரி என்று நினைக்கலாம். இன்னொரு சிக்கல் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் பக்கம் எட்டாம் தலைமுறை முதல்தான் முறையான அனுமதி. குறுக்கு வழியில் பழைய மெஷினிலும் விண்டோஸ் 11-ஐ ஏற்றிக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் பசங்க அதிகம் கேட்கும் ‘வேலரன்ட்’, விண்டோஸ் 11-ல் ஓட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளைக் கட்டாயமாகக் கேட்கும். அவை இல்லையென்றால் ‘வேன் 9001’ என்று ஒரு பிழைச் செய்தியைக் காட்டிவிட்டு நின்றுவிடும். எந்த கேமுக்காகக் கம்ப்யூட்டர் வாங்கினார்களோ, அதுவே திறக்காது.

4 ஜிபி கிராபிக்ஸ் கார்டும் அதே கதைதான்

விளம்பரத்தில் சொல்லும் ‘4 ஜிபி கார்டு’ பல நேரம் ஜிடி 730 ஆக இருக்கும். 2014-ல் வந்த அடிமட்ட கார்டு. படம் பார்க்க, இரண்டு மானிட்டர் இணைக்கப் போதும். 4 ஜிபி என்பது கார்டின் மெமரி அளவு, வேகம் அல்ல. சின்ன மோட்டாருக்குப் பெரிய தண்ணித் தொட்டி கட்டின மாதிரி. தொட்டி எவ்வளவு பெரிசானாலும் மோட்டார் இழுப்பதுதான் வரும்.

செகண்ட் ஹேண்ட் கார்டுகளில் இன்னொரு கூட்டமும் இருக்கிறது. கிரிப்டோ மைனிங்கில் இரவு பகலாக ஓடியவை. 2022 செப்டம்பரில் எத்திரியம் தன் முறையை மாற்றிய பிறகு அந்த கார்டுகளுக்கு அங்கே வேலை இல்லாமல் போய், பழைய சந்தைக்கு மொத்தமாக வந்தன. ஆர்எக்ஸ் 580 என்று விற்பவர்களிடம் “2048எஸ்பி-யா?” என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அந்தப் பெயர் இருந்தால் அது கிட்டத்தட்ட ஆர்எக்ஸ் 570. பேர் பெரிசு, சரக்கு ஒரு படி குறைவு.

என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 10 வரிசைக்குப் புது கேம்களுக்கான டிரைவர்கள் 2025 அக்டோபரோடு நின்றுவிட்டன. இருக்கிற கேம்கள் ஓடும். ஆனால் இனிமேல் புதிதாக வாங்குவதற்கு அது சரியான கார்டு இல்லை.

அப்போ எதைத்தான் வாங்குவது?

பட்ஜெட் இடிக்கும்போது நல்ல வழி, முதலில் கிராபிக்ஸ் கார்டே வாங்காமல் இருப்பது. கேட்க விசித்திரமாக இருக்கும். ஆனால் கேம் ஓட்டும் அளவு கிராபிக்ஸ் உள்ளேயே சேர்ந்து வரும் பிராசஸர்கள் இருக்கின்றன. ஏஎம்டி-யின் ரைசன் 5 5600ஜி 2021-ல் வந்தது. 6 கோர், 12 த்ரெட். விண்டோஸ் 11-க்குத் தகுதியானது, டிபிஎம் சிக்கலும் இல்லை. இதில் வேலரன்ட் குறைந்த செட்டிங்கில் 100 பிரேமைத் தாண்டி ஓடும். மைன்கிராஃப்ட், ஜிடிஏ 5 எல்லாம் செட்டிங்கைக் கொஞ்சம் இறக்கி நன்றாகவே விளையாடலாம். நேற்று ரிலீஸான பெரிய கேம்களை இது இழுக்காது. அதைப் பையனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது வீட்டுக்கு நல்லது.

பிராசஸர் பெயரின் கடைசி எழுத்தைக் கட்டாயம் பாருங்கள். ரைசனில் இந்தத் தலைமுறைக்கு ‘ஜி’ இருந்தால்தான் உள்ளே கிராபிக்ஸ் உண்டு. இன்டெல்லில் ‘எஃப்’ என்று முடிந்தால் கிடையாது. விலை குறைகிறதே என்று 12100எஃப் வாங்கி வந்து, கார்டும் இல்லாமல் ஆன் செய்தால், ஃபேன் சுற்றும், லைட் எரியும், மானிட்டரில் ஒன்றும் வராது.

ரேமை 16 ஜிபி ஒரே குச்சியாக வாங்காமல், 8 ஜிபி இரண்டாக வாங்க வேண்டும். தனி கார்டு இல்லாததால் கிராபிக்ஸ் வேலையும் இந்த ரேமை நம்பித்தான் நடக்கிறது. ஒற்றைக் குச்சி என்றால் ஒற்றை வழிப்பாதை. சில கேம்களில் மூன்றில் ஒரு பங்கு வேகம் வரை போய்விடும்.

500 ஜிபி எஸ்எஸ்டி, சாதாரண கேபினட், நல்ல பவர் சப்ளை எல்லாம் சேர்த்து, மானிட்டர் இல்லாமல் சுமாராக 30 முதல் 35 ஆயிரம் வரும். மானிட்டர், யுபிஎஸ் சேர்த்தால் 40-ஐத் தாண்டும். வீட்டில் எச்டிஎம்ஐ உள்ள எல்இடி டிவி இருந்தால் முதல் வருடம் அதையே மானிட்டராக வைத்துக்கொள்ளலாம். டிவி செட்டிங்கில் ‘கேம் மோட்’ இருந்தால் ஆன் செய்ய வேண்டும், இல்லையென்றால் மவுஸ் அசைவு தாமதமாகத் தெரியும். (சீரியல் நேரத்தில் என்ன செய்வது என்பதை வீட்டிலேயே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.)

அடுத்த வருடம் காசு சேர்ந்தால் இதே மெஷினில் ஆர்எக்ஸ் 6600 மாதிரி ஒரு கார்டை மாட்டலாம். எதையும் கழற்றி எறிய வேண்டாம்.

ரேம் விலை ஏன் இப்படி ஏறுது?

2025 நடுவில் 16 ஜிபி டிடிஆர்4 ரேம் ஜோடி 3 ஆயிரம், 4 ஆயிரம் வட்டத்தில் கிடைத்தது. வருடக் கடைசியில் இரண்டு மடங்கைத் தாண்டியது. உலகத்தின் பெரும்பகுதி ரேம் சிப்புகளைத் தயாரிப்பது சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்றே நிறுவனங்கள். ஏஐ டேட்டா சென்டர்களுக்கான மெமரியில் லாபம் அதிகம் என்பதால் உற்பத்தி அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. மைக்ரான், கடைகளில் விற்கும் ‘குருஷியல்’ பிராண்டையே மூடப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. எஸ்எஸ்டி விலையையும் இது இழுத்தது. அதனால் யூடியூபில் ஒரு வருடத்துக்கு முந்தைய ‘25 ஆயிரம் பிசி’ வீடியோவைக் காட்டி, கடைக்காரர் கொள்ளையடிக்கிறார் என்று சண்டை போடுவதில் நியாயம் இல்லை.

30 ஆயிரமும் முடியாது என்றால்?

எட்டாம் தலைமுறை ஐ5 உள்ள பழைய அலுவலக டெஸ்க்டாப். பெரிய நிறுவனங்கள் மொத்தமாகக் கழிக்கும்போது நல்ல நிலையிலேயே வெளியே வரும். ஆனால் வாங்கும்போது பெட்டியின் அளவைப் பாருங்கள். ஒல்லியான பெட்டியில் சாதாரண கார்டு நுழையாது. பவர் சப்ளையும் அந்த கம்பெனியின் தனி அளவில் இருக்கும், வெளியில் வாங்கி மாற்ற முடியாது. உயரமான டவர் மாடல் என்றால் ஜிடிஎக்ஸ் 1650 மாதிரி, தனி பவர் வயர் கேட்காத 75 வாட் கார்டு ஒன்றைப் போடலாம்.

தூரத்திலிருந்து வாங்குகிறீர்களா? வீடியோ காலில் வரச் சொல்லி, “அண்ணே, டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைக் காட்டுங்க” என்று கேளுங்கள். பிராசஸரின் முழுப் பெயர், எத்தனை ரேம் குச்சி, என்ன கார்டு எல்லாம் அதில் தெரியும். மழுப்புகிறவரிடம் அட்வான்ஸ் போட வேண்டாம்.

கரண்டு: பள்ளத்தாக்கில் இதுதான் முதல் கேள்வி

தென்மேற்குப் பருவக்காற்று ஜூன் மாதம் கணவாய் வழியாக இறங்கினால் கம்பம் பள்ளத்தாக்கில் என்ன நடக்கும் என்று ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தோப்புக்குள் மட்டை விழும், கரண்டு போகும், வரும், மறுபடி போகும். கம்ப்யூட்டருக்குக் கரண்டு போவதைவிட, திரும்ப வரும்போது எகிறும் வோல்டேஜ்தான் ஆபத்து.

கேபினட்டோடு இலவசமாக வரும் ‘450 வாட்’ எஸ்எம்பிஎஸ்-ஐ நம்பி 30 ஆயிரம் ரூபாய்ச் சாமானை மாட்டக்கூடாது. அது வெடித்துப் போனால் தான் மட்டும் போகாது, மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போகும். பெயர் தெரிந்த நிறுவனத்தின் 550 வாட், ‘80 பிளஸ் பிரான்ஸ்’ முத்திரை உள்ளதை எடுத்தால் பின்னால் கார்டு போடும்போதும் அதுவே போதும். லைட்டுக்கும் கண்ணாடிக்கும் கொடுக்கும் காசை இங்கே கொடுக்கலாம்.

அடுத்து எர்த். கேபினட்டின் இரும்புப் பாகத்தைத் தொட்டால் லேசாகச் சுரீர் என்கிறதா? அந்த பிளக்கின் மூன்றாவது துளைக்கு எர்த் வரவில்லை என்று அர்த்தம். பழைய வீடுகளில் இது சகஜம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சரிசெய்த பிறகு ஆன் செய்யுங்கள். இது மெஷினை விட பையன் சம்பந்தப்பட்ட விஷயம்.

கார்டு இல்லாத பிசிக்கு 600 விஏ யுபிஎஸ் போதும், கார்டு போட்டால் 1 கேவிஏ பக்கம் போக வேண்டும். யுபிஎஸ் என்பது கேமைத் தொடர்ந்து ஆட அல்ல, சேவ் செய்து அணைக்கக் கிடைக்கும் பத்து நிமிடத்துக்கு. வீட்டு இன்வர்ட்டரில் ஓட்டுவதாக இருந்தால் அது சைன் வேவ் வகையா என்று பாருங்கள். ஸ்கொயர் வேவ் இன்வர்ட்டரில் சில நல்ல எஸ்எம்பிஎஸ்-களே பொசுக்கென்று அணைந்துவிடும். பின்பக்கம் ‘யுபிஎஸ் மோட்’ ஸ்விட்ச் இருந்தால் அதில் வைக்க வேண்டும். இடி மின்னல் நேரத்தில் பிளக்கையும் நெட் கேபிளையும் கழற்றிவிடுவதுதான் பாதுகாப்பு.

கரண்டு பில்? கார்டு இல்லாத பிசியும் மானிட்டரும் விளையாடும்போது சுமார் 120 வாட். தினம் 3 மணி நேரம் என்றால் இரண்டு மாதத்துக்கு 22 யூனிட். கார்டு போட்டால் 50 யூனிட் பக்கம் வரும். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டை ஒட்டி ஓடும் வீடுகள் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும்.

தேனியிலா, சென்னையிலா?

சென்னை ரிச்சி தெருவில் விலை குறையும் என்பது உண்மைதான். 2023 ஜூனில் போடி – சென்னை சென்ட்ரல் ரயில் வந்த பிறகு போய்வருவதும் சுலபம். சென்ட்ரலில் இறங்கினால் ரிச்சி தெரு பக்கம்தான். ஆனால் மூன்றாவது மாதம் மதர்போர்டு மக்கர் செய்தால் மறுபடியும் ரயில் ஏற வேண்டும். ஓரிரு ஆயிரம்தான் வித்தியாசம் என்றால் தேனியிலோ கம்பத்திலோ பாகங்களைத் தானே அனுப்பி வாரன்டி மாற்றித் தரும் கடை லாபம்.

“பில் வேண்டாம்னா ஜிஎஸ்டி மிச்சம்ண்ணே” என்பார்கள். 18 சதவீதம், ஆசையாகத்தான் இருக்கும். பெட்டியோடு வரும் ஏஎம்டி பிராசஸருக்கு 3 வருட வாரன்டி உண்டு. பில் இல்லாமல் அதைக் கேட்டு நிற்க முடியாது. பெட்டி இல்லாமல் வரும் ‘ட்ரே’ பிராசஸருக்குத் தயாரிப்பு நிறுவனத்தின் வாரன்டியும் கிடையாது, கடைக்காரர் சொல்வதுதான் வாரன்டி.

வாங்கின பிறகு...

பிளஸ் ஒன், பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தால் சி பிளஸ் பிளஸும் பைத்தானும் இதே மெஷினில் ஓடும். கேம்களைத் திருட்டு சைட்டில் இறக்கினால் வைரஸும் கூடவே வரும். வேலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 எல்லாம் இலவசமாகவே கிடைக்கின்றன.

பணம் கட்டி, பணம் ஜெயிக்கும் ஆன்லைன் விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் தடை செய்கிறது. அதே சட்டம் இ-ஸ்போர்ட்ஸை அங்கீகரிக்கவும் செய்கிறது. துப்பாக்கிக்குக் கலர் மாற்றும் ‘ஸ்கின்’ வாங்குவது இந்தத் தடையில் வராது. அதனால் அப்பாவின் ஏடிஎம் கார்டு நம்பரைக் கேம் கணக்கில் சேமித்து வைக்க விட வேண்டாம். யுபிஐ பின் நம்பரும் அப்பாவிடமே இருக்கட்டும்.

பாகங்கள் வந்த அட்டைப்பெட்டிகளைப் பழைய பேப்பர்காரரிடம் போடாமல் பரணில் வையுங்கள். வாரன்டி கேட்கும்போது பெட்டியில் ஒட்டிய சீரியல் நம்பரைக் கேட்பார்கள். வாங்கிய அன்றே பில்லை போட்டோ எடுத்து வைப்பதும் நல்லது, கடை பில்லில் மை ஆறு மாதத்தில் அழிந்துவிடும்.