கச்சானும் குறுணலும்

நாம் கச்சான் என்று சொல்லும் நிலக்கடலையை பஸ் நிலையத்தில் கடதாசிச் சுருளில் வாங்கிக் கொறிப்பதோடு மறந்துவிடுகிறோம். மேற்கு ஆபிரிக்காவின் செனகலில் அது கமக்காரனின் விதியையே எழுதிய பயிர். அந்நாட்டவரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேரளவில் முஸ்லிம்கள் என்பதால் அக்கதை நமக்கும் வேண்டியதே.

மார்சேய் நகரின் எண்ணெய், சவர்க்காரத் தொழிலுக்காக 1840களில் பிரெஞ்சுக்காரர் செனகலில் கச்சானை வாங்கத் தொடங்கினர். 1885இல் டக்காரையும் செயின்ட் லூயியையும் இணைத்து ரயில் பாதை வந்தது. தலைவரியைக் காசாகக் கட்ட வேண்டும். காசு தரும் பயிரோ கச்சான் ஒன்றுதான். இப்படியாக, வீட்டுக்குச் சோறு தந்த கம்புப் பயிர் சுருங்கியது. அந்த இடத்தை நிரப்ப, தங்களது இன்னொரு குடியேற்ற நாடான இந்தோசீனாவிலிருந்து பிரெஞ்சுக்காரர் குறுணல் அரிசியைக் கப்பலில் இறக்கினர். ஆலையில் உடைந்து கழிக்கப்பட்ட அரிசி அது. எண்ணெய்வித்தை விற்றவன் குறுணலை வாங்கித் தின்றான். இன்று செனகலின் பெருமைக்குரிய மீன்சோறும் அந்தக் குறுணலில்தான் ஆக்கப்படுகிறது!

பணப்பயிர் என்றாலே வறுமை என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அது முழுச் சரியாகப் படவில்லை. கச்சானை விடவும் கமக்காரனைக் கெடுத்தது நாட்காட்டிதான். அங்கே மழை ஜூன் முதல் ஒக்டோபர் வரை. விதைப்பும் களையெடுப்பும் அப்போதுதான். பழைய தானியம் தீர்ந்து பானை காலியாவதும் அப்போதுதான். வியாபாரி கம்பும் அரிசியும் விதையும் கடனாகக் கொடுப்பான். அறுவடையில், விலை ஆகக் குறைந்திருக்கும் நேரத்தில், கொடுத்ததைவிடக் கூட்டி அளந்தெடுப்பான். கையில் மிஞ்சுவது அடுத்த மழைவரை தாங்காது. மறுபடி அதே வாசல். எங்கள் பக்கத்திலும், "மாரிக்கு ஒரு மூட தந்தாரு, வெள்ளாம வெட்டினா ரெண்டு மூட. வட்டி எண்டு அவர் சொல்லல்லியே சேர்" என்று ஒரு பிள்ளையின் வாப்பா என்னிடம் சொன்னதுண்டு. பெயர் வைக்காவிட்டால் ரிபா ரிபாவாகாதா?

மண்ணும் இதே கணக்கில்தான் தேய்ந்தது. கச்சானை வேரோடு பிடுங்குகிறார்கள். கொடியும் மாட்டுத் தீனியாக விலை போகிறது. வெறும் நிலத்தைக் காற்று வாரிக்கொண்டு போகும். தரிசு விட இடமுமில்லை, பொறுமையுமில்லை.

இங்கே ஷெய்க் அஹ்மது பம்பாவைச் சொல்லாமல் போக முடியாது. 1895இல் பிரெஞ்சுக்காரர் அவரைக் காபோனுக்கு நாடு கடத்தினர். ஆனால் அவரது முரீதிய்யா தரீக்காவின் சீடர்களே பின்னர் காடு வெட்டிக் கச்சான் பயிரிட்டனர். ஷெய்குமாருக்கெனப் புதன்கிழமை வயல்களில் கூலியின்றி உழைத்தனர். ஏழைச் சீடனுக்கு நிலமும் ஆறுதலும் அங்கே கிடைத்தன என்பது உண்மை. கச்சான் வருமானத்தில் ஷெய்குமாருக்கும் பங்கு இருந்ததால் அதைக் கேள்வி கேட்க ஆளில்லாமற் போனதும் உண்மைதான். இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1960இல் சுதந்திரம் வந்ததும் பிரதமர் மமடு டியா இடைத்தரகரை நீக்கிக் கூட்டுறவுச் சங்கங்களைக் கொண்டுவர முனைந்தார். வியாபாரிகளுக்கும் பிடிக்கவில்லை, ஷெய்குமார் பலருக்கும் பிடிக்கவில்லை. 1962 டிசம்பரில், ஜனாதிபதி செங்கோருடன் மூண்ட அதிகாரப் போட்டியில் கைதானார். 1974 வரை சிறை. அரசின் கொள்முதல் நிறுவனமோ கடனைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைத் தாமதித்துக் கொடுத்தது. அதாவது, வியாபாரியின் இடத்தில் அரசே உட்கார்ந்துகொண்டது. 1960களின் பிற்பகுதியில் பிரான்ஸ் தந்த சலுகை விலையும் போய், வரட்சியும் சேர்ந்தபோது, கமக்காரர் பலர் கச்சானைக் குறைத்துக் கம்பு விதைத்தனர். வயிற்றுக்காகச் செய்ததுதான், அரசுக்கு அது பெரிய தலையிடியாகிவிட்டது. 1980இல் அந்நிறுவனம் கலைக்கப்பட்டது.

இப்போதும் கச்சான் விளைகிறது, அரிசி கப்பலில் வருகிறது. அந்த நிலத்துப் பிள்ளைகளில் சிலர் மீன்பிடி மரத்தோணிகளில் ஏறி, அத்திலாந்திக் கடலில் கனேரித் தீவுகளை நோக்கிப் போகிறார்கள்.