அருவிக்கு மேலே மழை

குற்றாலத்தில் வெயில் சுள்ளென்று அடிக்கும். பாறையில் தண்ணீர் மெலிசாக வழிந்துகொண்டிருக்கும். கொஞ்ச நேரத்தில், அதே இடத்தில் ஆள் நிற்க முடியாதபடி வெள்ளம் பேரருவியின் பாதுகாப்பு வளைவையும் தாண்டிக் கொட்டும். கீழே ஒரு சொட்டு மழைகூட விழுந்திருக்காது!

மழை பெய்தது மேலே. சிற்றாறு மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்து, தேனருவி, செண்பகாதேவி அருவி என்று குதித்துக் குதித்துத்தான் பேரருவிக்கு வருகிறது. மலையில் 1 சதுர கிலோமீட்டர் பரப்பில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் எத்தனை லிட்டர் தண்ணீர்? கணக்குப் போட்டுப் பாருங்கள், 5 கோடி லிட்டர்! சமவெளியாக இருந்தால் வயலிலும் குளத்திலும் தேங்கும். செங்குத்து மலையில் தேங்க ஏது இடம்? பாறைமேல் படிந்த மண் முதல் மழையைக் குடித்துவிடும். அது ஊறி நிறைந்தபின், பெய்கிற மழையெல்லாம் ஓடைக்குத்தான் ஓடும். சரிவு அதிகம் என்பதால் பல ஓடைகளின் நீரும் சீக்கிரமே ஒன்றாக வந்து சேரும்.

இப்போதுதான் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு வருகிறது. நீரின் வேகம் 2 மடங்கானால், அது உருட்டும் கல்லின் எடையும் 2 மடங்கு கூடுமா? இல்லை, ஏறத்தாழ 64 மடங்கு கூடும்! வேகம் இரட்டித்தால், நீளம், அகலம், உயரம் மூன்றிலும் 4 மடங்கு பெரிய கல்லை நீரால் நகர்த்த முடியும். 4 × 4 × 4 = 64. நேற்று 1 கிலோ கல்லை உருட்டிய ஓடை, இன்று 64 கிலோ பாறையைப் புரட்டிவிடும். மழைக்கால ஓடையருகே 'கடக் கடக்' என்று கேட்பது, அடியில் கற்கள் மோதிக்கொள்ளும் சத்தம். அப்படி மோதி மோதித்தான் அவற்றின் முனைகள் மழுங்கிக் கூழாங்கற்கள் ஆகின்றன.

2024 மே மாதம் பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைப் பறித்தது. அதனால் இதை மட்டும் மறக்காதீர்கள்: தெளிந்த நீர் சட்டென்று கலங்கினாலோ, இலையும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ, செருப்பைக்கூடத் தேடாமல் உடனே கரையேறுங்கள். ஓடையை ஒட்டிக் கீழே ஓடக் கூடாது. பக்கவாட்டில் மேட்டுக்குப் போக வேண்டும்.

மழை விட்டபின் வெள்ளம் சீக்கிரமே வடியும். ஆனால் ஓடை வற்றாது. காட்டு மண் குடித்துவைத்த நீர் வேர்களுக்கிடையே கசிந்து, பல நாள் தெளிவாக வந்துகொண்டிருக்கும். ஓடையின் அடிப்பகுதி மட்டும் பழையபடி இருக்காது. போன வருடம் முழங்கால் ஆழமிருந்த இடம் இந்த வருடம் கிடங்காகியிருக்கலாம். ஆழமாக இருந்த கிடங்கு மணலால் தூர்ந்திருக்கலாம். ஆகவே தெரிந்த ஓடைதானே என்று இறங்கிவிடாமல், உள்ளூர்க்காரர்களிடம் ஆழம் கேட்டுக்கொள்ளுங்கள்.