கிணறு உப்பானால் யாருக்கு வெற்றி? – ஒரு பலகை விளையாட்டு உருவான கதை

2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டபோது, இணுவிலில் சித்தி வீட்டு அலுமாரியின் மேல்தட்டிலிருந்து பழைய மொனோபொலிப் பெட்டியொன்று கீழே இறங்கியது. அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில் சித்தியின் பிள்ளைகள் மூவரும் நானும் லண்டன் வீதிகளை வாங்கி விற்றோம். மூன்றாம் நாள் இரவு, கடைசிக் காசையும் இழந்த சின்னவன் கேட்டான்: "அக்கா, எங்கட ஊரை வைச்சு ஒரு கேம் இல்லையே?"

இல்லை என்றேன். நான் செய்து தாறேன் என்றும் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அந்த வாக்கைக் காப்பாற்ற இரண்டரை வருடங்கள் பிடித்தன.

முதலில் எனக்குத் தோன்றியது அநேகமாக எல்லோருக்கும் தோன்றுவதுதான். லண்டன் வீதிகளை அழித்துவிட்டு கஸ்தூரியார் வீதி, ஆஸ்பத்திரி வீதி, பலாலி வீதி என்று எழுதுவது. ஒரு பின்னேரத்தில் செய்து முடித்தேன். விளையாடிப் பார்த்தால் அது பழைய மொனோபொலியேதான். பெயர் மாறியதால் யாரும் வேறு மாதிரி யோசிக்கவில்லை. பொருள் என்பது பலகையின் மேல் ஒட்டும் படமல்ல, விளையாடுபவர் எடுக்கும் முடிவுகளுக்குள் அது இருக்க வேண்டும் என்பதை அன்றைக்கு அரைகுறையாகப் புரிந்துகொண்டேன். முழுதாகப் புரிய இன்னும் சில தோல்விகள் தேவைப்பட்டன.

அந்தக் காலத்தில் வலிகாமத்துக் கிணறுகளைப் பற்றி ஒரு கட்டுரைக்காக அலைந்துகொண்டிருந்தேன். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. மாரி மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின் மேல் ஒரு வில்லை போல மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி உயர்ந்து நின்றால் அதற்குக் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரியலில் பழைய கணக்கு. மேலே ஓரடி குறைந்தால் கீழிருந்து உப்பு எவ்வளவு ஏறும் என்பதையும் அதே கணக்குச் சொல்லும். துலா மிதித்து இறைத்த காலத்தில் மனித உடம்பே ஓர் எல்லையாக இருந்தது. தண்ணீர்ப் பம்பி வந்தபின் அந்த எல்லை போய்விட்டது. எனது கிணறும் பக்கத்துத் தோட்டக்காரரின் கிணறும் தனித்தனிக் கிணறுகள், ஆனால் தண்ணீர் ஒன்று. இது ஏற்கெனவே ஒரு விளையாட்டு, பலகைதான் இல்லை என்று நினைத்தேன்.

முதல் மாதிரி

பலகை விளையாட்டுத் துறையில் எல்லோரும் சொல்லும் புத்திமதி ஒன்று: முதல் மாதிரியை அழகாகச் செய்யாதே. அழகாகச் செய்தால் அதை வெட்டியெறிய மனம் வராது. பிரிஸ்டல் அட்டையை வெட்டி, பென்சிலால் எழுதி, பான்சிக் கடையில் வாங்கிய 40 நீல மணிகளை ஒரு சிரட்டைக்குள் போட்டு நடுவில் வைத்தேன். நால்வர் விளையாடலாம். ஒருவர் தனது முறை வரும்போது ஐந்து மணிகள் வரை எடுக்கலாம். வெங்காயத்துக்கு மூன்று மணி, புகையிலைக்கு நான்கு, பீற்றூட்டுக்கு இரண்டு. விளைச்சலை விற்றால் காசு. இடையிடையே மழைச் சீட்டு வந்தால் சிரட்டைக்குள் மணிகள் திரும்பும். "நீரைச் சேமிப்போம்" என்று ஒரு சீட்டில் அழகாக எழுதியும் வைத்தேன். கடைசியில் அதிக காசு வைத்திருப்பவர் வெற்றியாளர்.

நான்காவது சுற்றில் சிரட்டை காலி. அதிகம் இறைத்தவன் வென்றான். பன்னிரண்டு வயதுக்காரன், மிகத் தெளிவாக எனக்கு விளக்கினான்: "நான் விட்டா அவன் இறைப்பான். அப்ப நான் ஏன் விடவேணும்?"

தண்ணீரைக் காப்பாற்றச் சொல்லும் விளையாட்டொன்றைச் செய்யப்போய், தண்ணீரை எப்படி முந்தி உறிஞ்சுவது என்று பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்திருந்தேன்.

இப்படி மாட்டிக்கொண்ட முதல் ஆள் நானல்ல. நாங்கள் லாம்பு வெளிச்சத்தில் விளையாடிய மொனோபொலியின் மூலம், எலிசபெத் மகி என்ற அமெரிக்கப் பெண் 1904இல் காப்புரிமை பெற்ற 'நிலவுடைமையாளர் விளையாட்டு'. நிலத்தின் வாடகை சில கைகளில் குவிவது எவ்வளவு அநியாயம் என்று காட்டுவதே அவரது நோக்கம். நிலத்தின் மீது மட்டும் வரி விதிக்க வேண்டும் என்ற ஹென்றி ஜோர்ஜின் கொள்கையைப் பின்பற்றியவர் அவர். விளையாட்டு கைமாறிக் கைமாறிப் பரவியது. மற்றவர்களை ஓட்டாண்டியாக்குபவரே வெல்வார் என்ற விதிதான் கடைசியில் நிலைத்தது. 1935இல் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் மொனோபொலியை சார்ள்ஸ் டரோ என்பவரிடம் வாங்கி, அவரையே கண்டுபிடிப்பாளராகக் காட்டியது. மகியின் காப்புரிமைக்கு 500 டொலர் கொடுத்து முடித்துக்கொண்டது. விற்பனையில் அவருக்குப் பங்கு இல்லை. 1970களில் நடந்த ஒரு வழக்குத்தான் அவரது பெயரை வெளியே கொண்டுவந்தது.

அவருக்கு நடந்தது அநியாயம்தான். ஆனால் விளையாட்டை உருவாக்கும் ஒருவருக்கு அதில் வேறொரு செய்தியும் உண்டு: நீங்கள் என்ன போதிக்க நினைத்தீர்கள் என்பது விளையாடுபவருக்குத் தெரியாது. எதற்குப் புள்ளி கொடுக்கிறீர்கள் என்பது மட்டும்தான் தெரியும்.

தண்டமும் உப்பும்

இரண்டாவது மாதிரியில் சட்டத்தைக் கொண்டுவந்தேன். மூன்று மணிக்கு மேல் எடுத்தால் தண்டம். உடனே எல்லோரும் சரியாக மூன்று மணி எடுத்தார்கள். ஒருவரும் ஒருவரோடும் பேசவில்லை. பெரியவள் தனது முறை வரும்வரை கைத்தொலைபேசியைப் பார்க்கத் தொடங்கினாள். பக்கத்து வீட்டு மாமா, நாற்பது வருடமாக வெங்காயம் செய்கிறவர், ஓர் ஆட்டம் பொறுமையாக விளையாடிவிட்டுக் கேட்டார்: "ஆர் பிள்ளை தண்டம் அடிக்கிறது? எங்கட கிணத்துக்கு மீற்றர் பூட்டியிருக்கே?"

அந்தக் கேள்விதான் திருப்பம். நிஜத்தில் தண்டம் அடிப்பது அதிகாரியல்ல, உப்பு. அதுவும் இறைத்தவனைத் தேடிப்பிடித்து அடிக்காது.

மட் லீகொக் உருவாக்கி 2008இல் வெளிவந்த 'பன்டெமிக்' விளையாட்டில் ஓர் எளிய தந்திரம் இருக்கிறது. ஏற்கெனவே நோய் பரவிய நகரங்களின் சீட்டுகளைக் கலைத்து மீண்டும் கட்டின் மேலேயே வைக்கச் சொல்கிறது ஒரு விதி. அதனால் அடிபட்ட ஊரே திரும்பத் திரும்ப அடிபடுகிறது. கொள்ளைநோய் பற்றி ஒரு வரி விளக்கமும் இல்லாமல் அந்தப் பயம் மேசைக்கு வந்துவிடுகிறது. எனக்கு வேண்டியதும் அப்படியொன்றுதான்.

சிரட்டையை எடுத்துவிட்டு ஒரு துணிப்பை வைத்தேன். எத்தனை மணி என்று முதலிலேயே சொல்லிவிட்டு, பாராமல் கையைவிட்டு எடுக்க வேண்டும். எடுத்த நீல மணிகள் எல்லோர் கண்முன்னும் ஒரு தட்டில் சேரும். தட்டில் 20ஐத் தாண்டும் ஒவ்வொரு மணிக்கும் சுற்று முடிவில் ஒரு வெள்ளை மணி பைக்குள் போகும். வெள்ளை மணி கையில் வந்தால் ஒரு பயிர் கருகும். மணியோ திரும்பவும் பைக்குள்தான். மழை நீலத்தைத் திருப்பித் தரும், வெள்ளையை எடுத்துச் செல்லாது. வெள்ளை 12 ஆனால் எல்லோருக்கும் தோல்வி.

அன்றிரவு முதன்முறையாக மேசையில் சண்டை வந்தது. எனக்குப் பெரிய சந்தோஷம். "நீ அஞ்சு எடுத்தாய், என்ர புகையிலை கருகிட்டுது" என்று சின்னவன் கத்தினான். கூடவே இன்னொரு ஓட்டையும் தெரிந்தது. தோற்கப்போகிறவள் வேண்டுமென்றே ஐந்தைந்தாக எடுத்து எல்லோரையும் கவிழ்த்தாள். எனக்கு இல்லையென்றால் ஒருவருக்கும் வேண்டாம். பாதி கூட்டாகவும் பாதி போட்டியாகவும் இருக்கும் விளையாட்டுகளில் இது தெரிந்த வியாதி. ஒரே ஒருவர்தான் வெல்லலாம் என்ற விதியைத் தூக்கிய பிறகே அது தீர்ந்தது. இப்போது ஒவ்வொருவருக்கும் தொடக்கத்தில் ஓர் இரகசியச் சீட்டு: நகை மீட்க வேண்டும், மகளைக் கம்பஸுக்கு அனுப்ப வேண்டும், கூரை மாற்ற வேண்டும். தனது தேவையை எட்டிய எவரும் வெற்றியாளர். நால்வரும் வெல்லலாம், நால்வரும் தோற்கலாம். இதன்பிறகுதான் பேரம் பேசத் தொடங்கினார்கள்.

மற்றதெல்லாம் எண்களோடு மல்லுக்கட்டு. வேலையிழந்த கட்டடக் கலைஞர் அல்பிரட் பட்ஸ், ஸ்கிரபிளில் எந்த எழுத்து எத்தனை வேண்டும் என்று அறியப் பத்திரிகைப் பக்கங்களில் எழுத்துகளை ஒவ்வொன்றாக எண்ணினார். நான் சி.ஆர். கொப்பியில் 41 ஆட்டங்களை எழுதினேன். 40 மணி கூடாது, 36 சரி. புகையிலை நான்கு மணி குடிக்கும், ஆனால் விலை ஏழாக இருந்தால் வேறெதையும் யாரும் நடமாட்டார்கள்.

சோதனை ஆட்டத்தில் கேட்கக்கூடாத கேள்வி, "நல்லாயிருக்கா?" நம்மவர்கள் தேநீர் குடித்த வீட்டில் குறை சொல்லமாட்டார்கள். யார் எப்போது கொட்டாவி விட்டார்கள் என்று குறிப்பதே நல்லது. எல்லாவற்றிலும் கடினமானது, பெட்டியை முன்பின் விளையாடாத ஒரு குடும்பத்திடம் கொடுத்துவிட்டு, விதிப் புத்தகத்தை அவர்களே வாசித்து விளையாடுவதை வாய்திறக்காமல் பார்ப்பது. சாவகச்சேரியில் ஒரு வீட்டில் அப்படி இருந்தேன். 'முறை', 'சுற்று' என்ற இரு சொற்களையும் நான் மாற்றி மாற்றி எழுதியிருந்ததால், ஒருவர் எடுத்து முடிக்கும்போதெல்லாம் உப்பைப் போட்டு பத்து நிமிடத்தில் தோற்றுவிட்டார்கள். விதிப் புத்தகத்தை ஏழு தடவை திருப்பி எழுதினேன்.

அச்சகத்தில்

யோசனையை யாராவது திருடிவிடுவார்களா என்று நண்பர்கள் கேட்டார்கள். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் யோசனைக்கோ முறைமைக்கோ பதிப்புரிமை தராது. விளையாட்டு விதிகளுக்குக் காப்புரிமையும் கிடையாது. எழுதிய வாசகத்துக்கும் வரைந்த படத்துக்கும் மட்டுமே பாதுகாப்பு. அதனால் ஒளித்துவைப்பதில் பயனில்லை. ஒளித்தால் விளையாடிப் பார்க்க ஆள் கிடைக்காமல் போவதுதான் மிச்சம்.

வெளிநாடுகளில் இன்று பலர் கிக்ஸ்டார்ட்டர் மூலம் முன்பணம் திரட்டி, சீனத் தொழிற்சாலைகளில் 500, 1,000 பெட்டிகள் என்று அச்சிடுகிறார்கள். கிக்ஸ்டார்ட்டரில் பணம் திரட்ட அனுமதியுள்ள நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லை. ஆயிரம் பெட்டியை வைக்க வீட்டில் இடமும் இல்லை. யாழ். நகரிலேயே ஓர் அச்சகத்தில் 100 பெட்டிகள் அடித்தோம்.

முதலில் வந்த பலகைகள் அப்பளம் போல வளைந்தன. அட்டையின் ஒரு பக்கத்தில் மட்டும் தாள் ஒட்டினால் பசை காயும்போது இழுக்கும், பின்பக்கமும் ஒட்ட வேண்டும். சீட்டுகளை வெட்டும்போது ஒரு மில்லிமீற்றர் பிசகினாலும் எந்தச் சீட்டு எதுவென்று விரலுக்குத் தெரிந்துவிடும், இரகசியம் போய்விடும். இரண்டு தடவை திருப்பிக் கொடுத்தேன். அச்சகத்து அண்ணை என்னைக் கண்டாலே தேநீர் குடிக்கப் போகத் தொடங்கினார். பைகளைச் சித்தி தைத்தார்.

ஒரு பெட்டிக்கு அடக்கம் 2,900 ரூபாய். செலவைப் போல ஐந்து மடங்கு விலை வைக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் சொல்லப்படும் கணக்கு, கடைக்காரருக்கும் விநியோகத்தருக்கும் பங்கு போவதால். நான் 3,500க்கு விற்றேன், கடைக்குக் கொடுக்காமல். 63 பெட்டிகள் போயின. மிச்சம் கட்டிலுக்குக் கீழே. ஸ்கிரபிளை வெளியிட்ட ஜேம்ஸ் புரூனோ 1949இல் ஏறத்தாழ 2,400 பெட்டிகள் விற்று 450 டொலர் நட்டப்பட்டார் என்பதை வாசித்து ஆறுதல்பட்டுக்கொள்கிறேன்.

பக்கத்து வீட்டு மாமாவுக்கு ஒரு பெட்டியை இலவசமாகக் கொடுத்தேன். இரண்டு கிழமை கழித்துப் படலையடியில் நின்று கூப்பிட்டார். "விளையாட்டு நல்லம் பிள்ளை. ஆனா ஒரு சீட்டு விட்டிட்டாய். எண்ணெய்."

சுன்னாகத்துக் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்த விவகாரத்தைச் சொல்கிறார். அந்தச் சீட்டை எழுத ஆறு மாதமாக முயல்கிறேன். வெள்ளை மணியைப் போலக் கறுப்பு மணி போட்டால் வேலை நடக்கும், ஆனால் அது பொய். உப்பை மேசையில் இருக்கும் நால்வரும் சேர்ந்து கொண்டுவருகிறார்கள். எண்ணெயைக் கொண்டுவந்தவர் மேசையிலேயே இல்லை. போன ஞாயிறு ஐந்தாவதாக ஒரு வெற்றுக் கதிரையைப் போட்டு, அதற்கும் ஒரு முறை கொடுத்து விளையாடிப் பார்த்தோம். அந்தக் கதிரைக்காக மணி எடுக்க யாரும் கையை நீட்டவில்லை.