துகள் சிறிசு, வேகம் பெரிசு



கார்த்திகை தீபத்தன்று திருவண்ணாமலையில் 2,668 அடி உயர மலை உச்சியில் தீபம் ஏற்றுகிறார்கள். நெய்யும் காடாத் துணித் திரியும் கற்பூரமும் போட்டுக் கொப்பரையில் ஏற்றிய தீபம் பதினோரு நாள் எரியும். அது குளிர்ந்த பிறகு கொப்பரையில் படிந்திருக்கிற மையைச் சேர்த்து எடுத்து, மார்கழி ஆருத்ரா தரிசனத்தில் நடராஜருக்குச் சாத்தி, பிறகு பக்தர்களுக்குப் பிரசாதமாகக் கொடுக்கிறார்கள். நம்மில் பலபேர் வீட்டில் அந்த மை ஒரு சிமிழ் இருக்கும்.

அந்த மையை விரலில் தொட்டுப் பாருங்கள். எவ்வளவு வழவழப்பு! அம்மியில் எத்தனை நாள் அரைத்தாலும் அந்த நைசு வராது. காரணம், தீச்சுவாலையில் பிறக்கிற கரித்துகள் அவ்வளவு பொடிசு. இந்த மாதிரித் துகளுக்குத்தான் விஞ்ஞானிகள் இன்றைக்கு 'நானோ துகள்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். உரக்கடையில் நானோ, மருந்துக்கடையில் நானோ, தண்ணீர் வடிகட்டியில் நானோ என்று எங்கே போனாலும் இந்தப் பேர் காதில் விழுகிறது. "இது நல்லதா, கெட்டதா?" என்று போளூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் என்னிடம் கேட்டார். அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் அளவைப் பார்ப்போம். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறு போட்டால் அதில் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். நம் தலைமயிரின் தடிமன் ஏறக்குறைய 80,000 நானோமீட்டர். 1 முதல் 100 நானோமீட்டருக்குள் இருக்கிற துகளைப் பொதுவாக நானோ துகள் என்கிறோம். சாதாரண பூதக்கண்ணாடிக்கு இது தெரியாது. மின் நுண்ணோக்கி வேண்டும்.

சரி, சிறிசானால் என்ன? வெல்லக் கட்டியை அப்படியே தண்ணீரில் போட்டால் கரைய நேரமாகும். தட்டிப் போட்டால் சீக்கிரம் கரையும். பொடிக்கப் பொடிக்கத் தண்ணீர் தொடுகிற மேற்பரப்பு கூடுகிறது, அவ்வளவுதான் சூட்சுமம். ஒரு சென்டிமீட்டர் நீள அகல உயரமுள்ள ஒரு கட்டியின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே ஒரு நானோமீட்டர் துண்டுகளாக நறுக்கிவிட்டால் மொத்த மேற்பரப்பு 6,000 சதுர மீட்டர். அதாவது ஒன்றரை ஏக்கர்! சுண்டைக்காய் அளவுக் கட்டி ஒன்றரை ஏக்கர் கழனியாக விரிகிறது. அதனால்தான் சாதுவாக இருக்கிற பொருள்கூட நானோ அளவில் சுறுசுறுப்பாக வேலை செய்கிறது. அந்தச் சுறுசுறுப்பு நல்லதற்கும் ஆகும், கெட்டதற்கும் ஆகும்.

நல்லதை முதலில் சொல்கிறேன். கர்ப்பிணிப் பெண்களுக்கு ரத்தசோகை அதிகமாக இருந்து மாத்திரை போதவில்லை என்றால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் சலைனோடு சேர்த்துக் கருஞ்சிவப்பாக ஒரு மருந்து ஏற்றுகிறார்களே, பார்த்திருப்பீர்கள். அது இரும்பு சுக்ரோஸ். இரும்பை நேராக ரத்தத்தில் விட்டால் அது விஷம். ஆகவே இரும்பை நானோ அளவு உருண்டையாக்கி, மேலே சர்க்கரைப் போர்வை போர்த்தி அனுப்புகிறார்கள். கல்லீரலிலும் மண்ணீரலிலும் உள்ள அணுக்கள் அதை விழுங்கி, போர்வையை உரித்து, இரும்பைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடுகின்றன. அது எலும்பு மஜ்ஜைக்குப் போய் ரத்தமாகிறது. வேகமாக ஏற்றினால் ரத்த அழுத்தம் இறங்கலாம், ஒவ்வாமை வரலாம். அதனால்தான் மருத்துவர், செவிலியர் கண்காணிப்பில் மெதுவாக ஏற்றுகிறார்கள். "சீக்கிரம் ஏத்தி விடுங்கம்மா, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று அவசரப்படுத்தாதீர்கள்.

புற்றுநோய்க்கும் இதே தந்திரம்தான். டாக்ஸோரூபிசின் என்ற மருந்து புற்றைக் கொல்லும், ஆனால் இருதயத்தையும் கெடுக்கும். அதைக் கொழுப்பாலான நானோ உருண்டைக்குள் அடைத்து, 1995-ல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். நல்ல ரத்தக்குழாயின் சுவர் நெருக்கமானது, உருண்டை வெளியே கசியாது. புற்றுக்கட்டியில் உள்ள குழாய் ஓட்டையும் உடைசலுமாக இருக்கும், அங்கே கசிந்து இறங்கும். கரை உடைந்த வாய்க்காலில் தண்ணீர் வழிகிற மாதிரிதான். 2020-ல் கொரோனாவுக்காக வெளிநாட்டில் வந்த எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசிகளிலும் சரக்கைச் சுமந்து போனது கொழுப்பு நானோ துகள்தான்.

நம் ஊர்ச் சங்கதிக்கு வருவோம். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் பிரதீப் குழுவினர், குடிதண்ணீரில் கலந்திருக்கிற மாலத்தியான், குளோர்பைரிபாஸ் போன்ற பூச்சிமருந்துகளை நானோ வெள்ளியைக் கொண்டு நீக்குகிற வழியைக் கண்டார்கள். 2007-ல் அது வடிகட்டியாகக் கடைக்கு வந்தது. 2009-ல் டாடா நிறுவனம் கொண்டுவந்த வடிகட்டியில் நம் நெல் உமிச் சாம்பலில் நானோ வெள்ளியை ஏற்றியிருந்தார்கள். கிருமியைக் கொல்வது அந்த வெள்ளி.

இனி மறுபக்கம். கிருமியைக் கொல்லுகிற வெள்ளிக்கு நல்ல கிருமி, கெட்ட கிருமி என்று பேதம் தெரியுமா? தெரியாது. மல்லாட்டை வேரில் முடிச்சுப் போட்டுக் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தருகிற ரைசோபியமும் பாக்டீரியாதானே. ஏரியில் விழுந்தால் மீனின் செவுளையும் வெள்ளி பாதிக்கும். மீன் தின்கிற நீர்ப்பூச்சிகளுக்கு இன்னும் கொஞ்சம் இருந்தாலே போதும், செத்துவிடும். சர்வரோக நிவாரணி என்று வெள்ளிக் கரைசலை மாதக்கணக்கில் குடித்தவர்களுக்குத் தோல் நீலச் சாம்பல் நிறமாக மாறி, பிறகு மாறவே இல்லை.

நுரையீரலுக்குப் போகிற துகள் இன்னும் மோசம். பெரிய தூசியை மூக்கு மயிரும் சளியும் பிடித்துவிடும். நானோ துகளோ நுரையீரலின் கடைசி காற்றுப்பை வரைக்கும் போகும், அதில் கொஞ்சம் ரத்தத்திலும் கலக்கும். விறகடுப்புப் புகையிலும், தாளடி எரிக்கிற புகையிலும், குப்பையோடு பிளாஸ்டிக் கொளுத்துகிற புகையிலும் இந்தத் துகள் இருக்கிறது. நெற்றியில் இட்டுக்கொள்கிற மை ஒன்று. மூச்சில் போகிற கரி வேறு.

சித்த வைத்தியத்துப் பற்பங்கள் சிலவற்றை மின் நுண்ணோக்கியில் பார்த்தபோது அவற்றிலும் நானோ அளவுத் துகள்கள் தெரிந்திருக்கின்றன. உலோகத்தைப் புடம் போட்டுப் போட்டுப் பொடியாக்கினால் வேகம் கூடும் என்ற அனுபவம் நம் முன்னோருக்கு இருந்திருக்கிறது. ஆனால் பாதரசமும் பாஷாணமும் சேர்ந்த மருந்தில் சுத்தி முறையும் புடமும் கொஞ்சம் பிசகினாலும் சிறுநீரகம் போய்விடும். பட்டம் பெற்ற சித்த மருத்துவர் எழுதிக் கொடுத்ததை, உரிமம் பெற்ற மருந்தகத்தில் வாங்குங்கள். பேர் ஒட்டாத பொட்டலத்தைத் தெருவோரத்தில் வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

கடைசியாக, எல்லோரும் கேட்கிற நானோ யூரியா. இஃப்கோ நிறுவனத்தின் திரவ யூரியாவுக்கு 2021-ல் அனுமதி கிடைத்தது. 500 மில்லி பாட்டில் ஒரு மூட்டைக்குச் சமம் என்றார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 45 கிலோ மூட்டையில் 46 சதவீதம், அதாவது 20 கிலோவுக்கு மேல் தழைச்சத்து இருக்கிறது. முதலில் வந்த பாட்டிலில் 4 சதவீதம், அதாவது 20 கிராம். இலையில் தெளித்தால் வீணாவது குறைவு, வாஸ்தவம்தான். ஆனாலும் 20 கிராம் 20 கிலோவின் வேலையைச் செய்யுமா? பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகம் இரண்டு வருஷம் வயலில் சோதித்தபோது, யூரியாவைக் குறைத்து இதைத் தெளித்த நெல்லிலும் கோதுமையிலும் மகசூல் இறங்கியது. பிறகு தழைச்சத்தைக் கூட்டிய பாட்டிலும் வந்தது. அதிலும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

ஆகவே அடியுரத்தை நிறுத்திவிட்டு பாட்டிலை மட்டும் நம்பி இருக்காதீர்கள். மண் பரிசோதனை செய்து, வாழவச்சனூர் வேளாண்மைக் கல்லூரியிலோ வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திலோ கேட்டுச் செய்யுங்கள். ஆசையிருந்தால் முதல் போகத்தில் பத்து சென்ட்டில் மட்டும் போட்டு, பக்கத்துப் பாத்தியோடு எடை பார்த்து ஒப்பிடுங்கள். உங்கள் தராசு பொய் சொல்லாது.

எந்த நானோ மருந்தானாலும் லேபிளில் சொன்ன அளவுக்கு மேல் ஒரு மூடிகூட ஊற்றாதீர்கள். காற்றுக்கு எதிரே நின்று தெளிக்க வேண்டாம். முகமூடியும் கையுறையும் போடுங்கள். அடைத்துக்கொண்ட நாசிலை வாயில் வைத்து ஊதாதீர்கள். தெளிப்பானை ஏரியிலோ கிணற்றடியிலோ கழுவாதீர்கள். வீட்டிலிருக்கும் இரும்புச் சத்து மாத்திரையைக் குழந்தை கைக்கு எட்டாமல் வையுங்கள். மிட்டாய் என்று நாலைந்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

போளூர் விவசாயிக்கு நான் சொன்ன பதில் இதுதான்: நானோ நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. எந்தப் பொருள், எவ்வளவு, எங்கே போகிறது என்ற மூன்று கேள்விக்கும் பதில் தெரிந்த பிறகு பாட்டிலைத் திறங்கள்.