வீட்டுக் கணினியில் ஒரு சர்வர்

இணையத்தளம் அமைப்போர் முதலில் அதைத் தங்கள் கணினிக்குள்ளேயே ஓட்டிப் பார்ப்பது நல்லது. பிழை இருந்தாலும் வெளியார் கண்ணில் படாது. 2002இல் வெளிவந்த ஸாம்ப் என்னும் இலவச மென்பொருள் அப்பாச்சி சர்வர், மரியாடிபி தரவுத்தளம், பிஎச்பி மொழி ஆகியவற்றை ஒருசேர நிறுவித் தரும். உலாவியில் 'லோக்கல்ஹோஸ்ட்' என்று தட்டினால் போதும்; இணைய இணைப்பே வேண்டாம்.

எழுதுவதற்கு விஎஸ் கோட் தாராளம். கருவி தேடுவதிலேயே வாரங்களைக் கழிப்போரும் உண்டு!

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. வாடகை சர்வர்கள் பெரும்பாலும் லினக்ஸில் ஓடுபவை. கோப்புப் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து மாறியிருந்தால் விண்டோஸ் கண்டுகொள்ளாது, லினக்ஸ் விடாது. வீட்டில் தெரிந்த படம், வாடிக்கையாளர் பார்க்கும்போது காணாமற்போகும். பெயர்களைச் சிறிய எழுத்திலேயே வைப்பதும், வாடகை சர்வரில் உள்ள பிஎச்பி பதிப்பையே வீட்டிலும் நிறுவுவதும் அவசியம். ஸாம்ப் தரவுத்தளத்திற்குத் தொடக்கத்தில் கடவுச்சொல் இராது. அதை அப்படியே வெளியே திறந்துவிடக் கூடாது.