வாய் திறவாத நாயகன்

நடிகன் ஒருவன் நடிகனாகவே வேடம் பூணுவதில் அருமை என்ன இருக்கிறது என்று கேட்போர் உண்டு. 1966-ல் வெளிவந்த 'நாயக்' என்னும் வங்காளிப் படத்தைப் பார்த்துவிட்டு அதே கேள்வியைக் கேட்கட்டும், பார்ப்போம்!

கதையும் இயக்கமும் சத்யஜித் ரே. நாயகன், வங்கத் திரையுலகில் அந்நாளில் முடிசூடா மன்னராய் விளங்கிய உத்தம்குமார். அவரை மனத்தில் வைத்தே ரே கதையை எழுதினார். அரிந்தம் முகர்ஜி என்னும் நட்சத்திர நடிகன், விருது பெறக் கல்கத்தாவிலிருந்து டில்லிக்கு ரயிலேறுகிறான். வழியில் ஒரு பத்திரிகையாசிரியை (ஷர்மிளா தாகூர்) கேள்வி கேட்கிறார். ஏடு ஏடாக அவனது கடந்த காலம் விரிகிறது.

சினிமாவுக்குப் போகாதே, அங்கே நடிகன் வெறும் பொம்மை என்று தடுத்த நாடக ஆசான் மறைந்தபின், அவன் படத்தொழிலில் புகுகிறான். முதல் படப்பிடிப்பிலேயே மூத்த நடிகர் ஒருவர் அவனைப் பலர் முன்னே சிறுமைப்படுத்துகிறார். காலச்சக்கரம் சுழல்கிறது. அதே முதியவர் சிறு வேடம் வேண்டி இவன் வீட்டுக்கு வருகிறார். இவனோ கைவிரிக்கிறான்!

பணக்குவியலில் அவன் புதைந்து போகும் கனவைப் பலரும் புகழ்வர். நமக்கு அதனினும் பெரிதாகப் படுவது வேறொரு காட்சி. தொழிற்சங்கத்தில் உழைக்கும் பழைய நண்பன் அவனைக் காரில் அழைத்துச் செல்கிறான். எதிரே வேலைநிறுத்தம் செய்யும் தொழிலாளர்கள். நாலு வார்த்தை பேசு என்கிறான் நண்பன், அவ்வளவுதான். திரையில் வீரவசனம் பேசும் வாய் அங்கே திறக்க மறுக்கிறது! பெயர் கெட்டுவிடுமோ, படம் போய்விடுமோ என்ற அச்சம். இங்கிருந்து போய்விடுவோம் என்று துடிக்கிறான்.

அந்தக் கோழைத்தனத்தை உத்தம்குமார் பூசி மெழுகவில்லை. ரசிகர் அன்பையே மூலதனமாகக் கொண்ட நடிகர், அந்த ரசிகர் கண்முன்னே இப்படிக் கூசி நிற்க எத்தனை துணிவு வேண்டும்! அவரும் தொடக்கத்தில் தோல்விப் படங்களையே கண்டவர். வெள்ளிக்கிழமைக் கவலை அவருக்குப் புதிதல்ல. வேடத்துக்கும் மனிதருக்கும் இடையே கோடு எங்கே என்று தெரியாதபடி நடித்தார்.

விளம்பரக்காரர் ஒருவர் தம் மனைவியின் அழகை முதலாக்கி முதலாளியிடம் வியாபாரம் பிடிக்க முயலும் கிளைக்கதை சற்று நீளந்தான். பொறுத்துக்கொள்ளலாம்.

தான் எழுதிய குறிப்புகளை அந்தப் பெண் அவன் எதிரிலேயே கிழித்துப் போடுகிறார். டில்லி நிலையத்தில் மாலையும் கூட்டமும் காத்திருக்கின்றன. கறுப்புக் கண்ணாடி மீண்டும் முகத்தில் ஏறுகிறது. அவர் அந்தக் கூட்டத்தைக் கடந்து போய்விடுகிறார்.